வில்லுப்பாட்டுப் பதிவுகள் உள்ள எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கணினி அடையாளம் காணவில்லை: வழி சொல்லுங்கள்

கேள்வி: பொருநைக்கரை (கல்லிடைக்குறிச்சி)

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்து ஊர்களில் நடக்கும் கோயில் கொடைகளில் விடிய விடியப் பாடப்பட்ட வில்லுப்பாட்டை என் தாய்மாமா பல ஆண்டுகளாகக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கேசட்டுகளை நான் கணினியில் ஏற்றி, ஊர், சாமி, பாடிய குழு, கொடை நடந்த ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, 2 டிபி கொள்ளளவுள்ள ஓர் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வந்தேன். பிற்பாடு நானே எடுத்த வீடியோக்களும் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 900 ஜிபி வரும். கேசட்டுகளில் பாதிக்கு மேல் நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டதால், அந்தப் பதிவுகளுக்கு இந்த டிஸ்க்கை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

சில நாள்களாக இந்த டிஸ்க்கைக் கணினி அடையாளம் காண மறுக்கிறது. என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 உள்ளது. கேபிளைச் செருகியதும் டிஸ்க்கின் விளக்கு எரிகிறது. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் ஒலியும் கேட்கிறது. ஆனால் சற்று நேரத்தில் அந்த ஒலி அடங்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் சாதனம் இணைந்ததற்கான ஒலியையும், உடனே துண்டானதற்கான ஒலியையும் விண்டோஸ் எழுப்புகிறது. ‘திஸ் பிசி’ பகுதியில் டிஸ்க் தோன்றவே இல்லை. வீட்டிலுள்ள பழைய மேசைக்கணினியின் முன்பக்கப் போர்ட்டில் செருகியபோது, யுஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற செய்தி மட்டும் வந்தது. டிஸ்க் கீழே விழவில்லை, நனையவும் இல்லை.

‘இனிஷியலைஸ்’ கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு மீட்பு மென்பொருளால் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எதையும் செய்யத் துணிவு வராமல் டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டேன். எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: வண்ணார்பேட்டை சர்வீஸ்

அண்ணாச்சி, டிஸ்க்கை எடுத்து வைத்தீர்களே, அதுதான் இதுவரை நடந்தவற்றில் மிகச் சரியான காரியம். இனிஷியலைஸ், ஃபார்மட் ஆகிய இரண்டையும் எந்தக் கட்டத்திலும், யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள். இனிஷியலைஸ் என்பது, டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் (பார்ட்டிஷன்) பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை டிஸ்க்கின் தொடக்கத்தில் புதிதாக எழுதும் வேலை. எழுதுவது கொஞ்சம்தான் என்றாலும், பழைய அட்டவணை இருந்த இடத்தின் மேலேயே எழுதிவிடும். ஃபார்மட் அதைவிடக் கொடியது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, ‘குவிக்’ என்ற குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட், பார்ட்டிஷன் முழுவதும் சுழியை எழுதிவிடுகிறது. அதற்குப் பின் எந்த மென்பொருளாலும் ஒன்றும் எடுக்க முடியாது. ஃபார்மட் செய்துவிட்டு மீட்கலாம் என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனையைக் கேட்டுவிட்டுக் கண்கலங்கக் கடைக்கு வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

கணினி டிஸ்க்கை அடையாளம் காணவில்லை என்று நாம் ஒரே சொற்றொடரில் சொல்லிவிடுகிறோம். கோளாறு இருக்கக்கூடிய இடங்களோ பல: போர்ட்டிலிருந்து வரும் மின்சாரம், கேபிள், டிஸ்க்கின் உறைக்குள் யுஎஸ்பியைச் சாட்டாவாக (ஹார்டு டிஸ்க்கின் சொந்த இணைப்பு முறை) மாற்றும் சிறிய பலகை, டிஸ்க்கின் மோட்டாரும் தட்டைப் படிக்கும் ஹெட்டும், எல்லாவற்றுக்கும் மேலே எழுதப்பட்டிருக்கும் பார்ட்டிஷனும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமையும். வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும். வெளியே இருக்கும் கோளாறுக்காக உள்ளே கை வைத்துவிடக் கூடாது.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களில், தட்டு சுழலத் தொடங்கி அடங்கி மறுபடி தொடங்குவதையும், இணைந்த ஒலியும் துண்டான ஒலியும் மாறி மாறி வருவதையும் பார்த்தால், முதல் ஐயம் மின்சாரத்தின் மேல்தான் விழுகிறது. உங்களுடையது கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குத் தனி அடாப்டர் கிடையாது. வேண்டிய மின்சாரம் முழுவதையும் யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நின்றிருக்கும் தட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் மோட்டார் மிக அதிகமாக இழுக்கும். பல டிஸ்க்குகள் அப்போது ஒரு ஆம்பியர் வரைகூடக் கேட்கும். யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு விதிக்கப்பட்ட அளவு 500 மில்லியாம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900. மேசைக்கணினியின் முன்பக்கப் போர்ட் கேபினெட்டுக்குள் ஓடும் மெல்லிய ஒயர் வழியாக மதர்போர்டை அடைகிறது. கணினி பழையதாகிவிட்டால் அந்த ஒயரிலும் இணைப்பிலும் வோல்டேஜ் இறங்கிவிடும். ஆகவே மேசைக்கணினியின் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே பொருத்தப்பட்ட போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். நீட்டிப்புக் கேபிளும், அடாப்டர் இல்லாத ஹப்பும் வேண்டாம். மடிக்கணினியில் சோதிக்கும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும்.

போர்ட்டை மாற்றுவதற்கு முன் டிஸ்க்கை உள்ளங்கையில் பிடிக்காமல் மேசை மேல் தட்டையாக வைத்துவிட்டு, அருகே காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீரான மெல்லிய இரைச்சல் நிலைத்து நின்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று பொருள். ‘டக்… டக்… டக்’ என்று ஒரே இடைவெளியில் தட்டுகிற ஒலி வந்தாலும், தட்டு சுழலாமல் ‘பீப்’ என்று முனகினாலும் போர்ட்டையும் கேபிளையும் மாற்றி ஒருமுறை மட்டும் சோதியுங்கள். மின்சாரம் போதாதபோதும் இந்த ஒலிகள் வரக்கூடும். மாற்றிய பிறகும் அதே ஒலி வந்தால் உடனே கேபிளை உருவிவிடுங்கள். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து படிக்கிறது. அது பழுதுபட்ட நிலையில் ஓடவிட்டால், பதிவு எழுதப்பட்டிருக்கும் பூச்சையே சுரண்டிவிடக்கூடும். அந்நிலையில் தூசி நீக்கிய அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்தைத் தவிர வேறு வழியில்லை. வீட்டு மேசையில் டிஸ்க்கின் மூடியைத் திறப்பதோ, பிரிட்ஜில் வைத்து எடுப்பதோ எஞ்சிய வாய்ப்பையும் கெடுக்கும்.

சீரான இரைச்சல் நிலைத்துவிட்டால் அடுத்ததாக விண்டோஸ் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். ‘திஸ் பிசி’யைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வரமுடியாது. தொடக்கப் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ இருக்கும், அதைத் திறங்கள். டிஸ்க்கும் அதன் பார்ட்டிஷனும் அங்கே ஒழுங்காகத் தெரிந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் பிழைத்தோம். ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும், கோப்புகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. சரியான அளவு தெரிந்து, பார்ட்டிஷனில் ‘ரா’ என்று எழுதியிருந்தால் கோப்பு முறைமையை விண்டோஸால் படிக்க முடியவில்லை. சரியான அளவுடன் ‘அன்அலொகேட்டட்’ என்று இருந்தால் பார்ட்டிஷன் அட்டவணை போயிருக்கிறது. அளவே தெரியாமல் ‘நோ மீடியா’ என்றோ ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றோ இருந்தால், உறைக்குள் இருக்கும் பலகை மட்டும் கணினியோடு பேசுகிறது, பின்னாலிருக்கும் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று கொள்ளலாம். திறந்த உடனேயே இனிஷியலைஸ் செய்யச் சொல்லி ஒரு பெட்டி மேலெழும்பக்கூடும். அதில் ‘கேன்சல்’ மட்டும் கொடுங்கள். பார்த்ததை அப்படியே இங்கு எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

டிவைஸ் மேனேஜரில் சாதனத்தை நீக்கிவிட்டு மறுபடி தேடச் சொல்வது, யுஎஸ்பி ஹப்பின் மின்சேமிப்பு அமைப்பை அணைப்பது ஆகியவற்றையும் செய்து பார்க்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு கணினிகளிலும் ஒரே கோளாறு வருவதால் டிரைவர் மென்பொருளை நான் ஐயப்படவில்லை.

மறுமொழி: மேலப்பாளையம் ஸ்டுடியோ

அண்ணாச்சி சொன்னதோடு கேபிளைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கல்யாண வீடியோத் தொழிலில் இந்த டிஸ்க்குகளோடுதான் எங்கள் பிழைப்பு. டிஸ்க்கின் பக்கத்தில் இருக்கும் அகலமான தட்டைப் பொருத்துவாயை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு பிளவு இருக்கும். ஒரு பகுதி பெரியது, மற்றது சிறியது. அந்தப் பெரிய பகுதி பழைய செல்போன்களுக்கு வந்த மைக்ரோ யுஎஸ்பி கேபிளுக்கு அப்படியே பொருந்தும். வேகம் 2.0 அளவுக்கு இறங்கிவிடுமே தவிர, டிஸ்க் வேலை செய்யும். உங்கள் கேபிள்தான் கோளாறா என்று செலவில்லாமல் கண்டுகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. சார்ஜ் செய்வதற்கென்றே மலிவாக விற்கும் கேபிள்களில் பல தரவு ஒயர் இல்லாமல் வருகின்றன. அவற்றைச் செருகினால் டிஸ்க் சுழலும், கணினிக்குத் தெரியாது. அதனால் போனிலிருந்து கணினிக்குப் படம் ஏற்றப் பயன்பட்ட கேபிளாகத் தேடி எடுங்கள். நீளம் குறைவாக இருந்தால் நல்லது. கேபிளைச் செருகிய பிறகு பொருத்துவாயில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோள்பையில் டிஸ்க்கைக் கேபிளோடு போட்டு எடுத்துச் செல்வதால் அந்த இடம்தான் எங்களிடம் முதலில் தளர்ந்துபோகிறது.

பொருநைக்கரை (கல்லிடைக்குறிச்சி)

வண்ணார்பேட்டை அண்ணாச்சிக்கும் மேலப்பாளையம் அண்ணாச்சிக்கும் நன்றி. பழைய போன் கேபிளை எடுத்து மேசைக்கணினியின் பின்பக்கப் போர்ட்டில் செருகினேன். இப்போது தட்டு சுழன்று நிலைத்துவிட்டது. தட்டுகிற ஒலி எதுவும் இல்லை. சொந்தக் கேபிளின் முனையில் உறை வெடித்திருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க் 1,863 ஜிபி என்று தெரிகிறது. பார்ட்டிஷனும் இருக்கிறது, ஆனால் ‘ரா’ என்று எழுதியிருக்கிறது. டிரைவ் எழுத்தும் வந்துவிட்டது. அதைத் தொட்டால் ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிறது விண்டோஸ். ரத்து செய்துவிட்டேன். உறவினர் பையன் ஒருவன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை நிறுவிப் பார்த்தான். அது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. ‘கரன்ட் பென்டிங் செக்டர் கவுன்ட்’ என்ற வரிசையில் சுழி அல்லாத ஓர் எண் நிற்கிறது. ‘செக்டிஸ்க்’ ஓட்டலாமா என்று அவன் கேட்கிறான். ஓட்டலாமா?

மறுமொழி: பாளை ஆசிரியை

ஓட்டவேண்டாம், தம்பி. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் இருப்பதால் இதே நிலையிலுள்ள டிஸ்க்குகள் எங்களிடம் அடிக்கடி வருகின்றன. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டிஸ்க் ஒரு செக்டரை (தரவு எழுதப்படும் மிகச் சிறிய பகுதி) படிக்க முயன்று முடியாமல் போய், அதை என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தால் அதைத்தான் அந்த வரிசை எண்ணிக் காட்டுகிறது. (அந்த மென்பொருள் இயல்பாகப் பதினறும எண்முறையில் காட்டும் என்பதால் எண்ணை நேராகப் படித்துவிடக் கூடாது.) கேபிள் கெட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் விட்டுவிட்டு வந்ததால் இது நேர்ந்திருக்கலாம், தட்டிலேயே தேய்மானம் தொடங்கியிருக்கவும் கூடும். இரண்டில் எதுவென்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். செக்டிஸ்க் கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் வேலை இல்லை. படிக்க முடியாத இடத்தைச் சுட்டும் பதிவுகளை அது வெட்டிவிடும். அதையும் மூல டிஸ்க்கின் மேலேயே எழுதிச் செய்யும். பழுதான டிஸ்க் இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் முழுவதும் நகல் எடுப்பதற்கே செலவாகவேண்டும். பழுதுபார்ப்பதெல்லாம் நகலின் மேல்தான்.

நகல் எடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் இழுத்துப் போட்டு நகலெடுத்தால், பழுதான செக்டர் ஒன்றில் கணினி நின்று அதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி டிஸ்க்கை வதைக்கும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, இடறுகிற இடங்களைத் தாண்டிப் போய்விடும். பிறகுதான் திரும்பி வந்து அந்த இடங்களை ஓரங்களிலிருந்து சுருக்கிக்கொண்டே படிக்கும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ‘மேப்’ கோப்பு ஒன்றில் குறித்து வைத்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் பக்கத்து மின்வெட்டை நினைத்தால் இதுவே பெரிய ஆறுதல். இருந்தாலும் இந்த வேலையை மேசைக்கணினியில் செய்யாமல், பேட்டரி உள்ள மடிக்கணினியில் செய்வது நல்லது.

வேண்டியவை இரண்டு: ஒரு 4 டிபி டிஸ்க், உபுண்டு ஏற்றிய ஒரு பென்டிரைவ். மடிக்கணினியைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, நிறுவாமல் ‘டிரை’ என்ற தேர்வில் உள்ளே செல்லுங்கள். உபுண்டுவில் இந்த மென்பொருளின் தொகுப்புக்கு முன்னால் ஒரு ‘ஜி’ சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டளையில் அந்த ‘ஜி’ வராது. ஏறத்தாழ இதே பெயரில், நடுவில் அடிக்கோடு வரும் வேறொரு மென்பொருளும் இருப்பதால் குழம்பிவிடாதீர்கள். பழைய டிஸ்க்கைத் தானாகத் திறந்து காட்ட உபுண்டு முயன்றால் அனுமதிக்காதீர்கள்.

இனி மிகக் கவனமாகச் செய்யவேண்டிய இடம். எந்த டிஸ்க் எந்தப் பெயரில் தெரிகிறது என்பதை ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையால் அளவை வைத்து உறுதிசெய்யுங்கள். உங்கள் 2 டிபி டிஸ்க் 1.8 என்றும், புதிய 4 டிபி டிஸ்க் 3.6 என்றும் தெரியும். டிடிரெஸ்க்யூ கட்டளையில் முதலில் வருவது மூலம், இரண்டாவது இலக்கு, மூன்றாவது மேப் கோப்பு. முதலிரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் மாமாவின் உழைப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே இலக்காக இன்னொரு டிஸ்க்கையே கொடுக்காமல், 4 டிபி டிஸ்க்கில் உருவாகப்போகும் இமேஜ் கோப்பின் (பழைய டிஸ்க் முழுவதையும் அப்படியே அடக்கிய ஒரே கோப்பு) பெயரைக் கொடுக்கும்படி பரிந்துரைக்கிறேன். இடம் மாறினாலும் கேடு வராது. அந்த 4 டிபி டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கவேண்டும்; ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. மேப் கோப்பையும் அதே 4 டிபி டிஸ்க்கில் இமேஜுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பென்டிரைவில் இயங்கும் உபுண்டுவின் ‘ஹோம்’ அடைவில் வைத்தால் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும்.

முதல் ஓட்டத்தில், கடினமான பகுதிகளைச் சுரண்டிப் படிக்காமல் விடச்சொல்லும் ‘என்’ விருப்பத்தைச் சேருங்கள். அது முடிந்த பிறகு, அதே இமேஜ், அதே மேப் கோப்பு ஆகியவற்றோடு, நேரடியாகப் படிக்கும் ‘டி’ விருப்பத்தையும், மறுமுயற்சிக்கான ‘ஆர்’ விருப்பத்தோடு மூன்று என்ற எண்ணையும் கொடுத்து இரண்டாம் ஓட்டம் விடுங்கள். போன் கேபிளோடு இந்த வேலையில் இறங்கவேண்டாம். யுஎஸ்பி 2.0 வேகத்தில் நொடிக்கு 30 முதல் 35 எம்பிதான் வரும். 2 டிபியும் படித்து முடிக்கப் பதினேழு மணி நேரம் போல ஆகும். நல்ல 3.0 கேபிள் வாங்கினால் பழுதில்லாத பகுதிகள் நொடிக்கு 100 எம்பி அளவில் ஓடி, ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வந்துவிடும். டிஸ்க்கைத் தட்டையாக வைத்து மேலே மின்விசிறிக் காற்று படும்படி செய்யுங்கள்.

இமேஜ் கைக்கு வந்த பின் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை அந்த இமேஜின் மேல் ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருந்து அதன் அமைப்பைச் சொல்லும் பூட் செக்டருக்கு ஒரு பிரதி அதே பார்ட்டிஷனின் கடைசிச் செக்டரில் இருக்கும். முன்னது மட்டும் கெட்டிருந்தால் ‘ரா’ என்றுதான் தெரியும். பின்னதிலிருந்து எடுத்து முன்னதை நிரப்பினால் அடைவுகள் எல்லாம் பெயரோடு தெரியவரும். உங்கள் டிஸ்க்கில் நடந்திருப்பது இதுதான் என்பது என் ஊகம்.

கோப்புகளை அவற்றின் உள்ளடக்கத்தை வைத்து மட்டும் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் போன்ற கருவிகளைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒலியைத் தரும், பெயரைத் தரா. எல்லாக் கோப்புகளும் எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக வந்து குவியும். ஒவ்வொரு பதிவுக்கும் ஊரும் சாமியும் குழுவும் பெயரில்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் வெட்டாத பாத்திரங்கள் கல்யாண வீட்டில் கலந்துவிட்டது போல ஆகிவிடும். எந்த ஊர்ச் சுடலைமாடன் கொடை, எந்தக் குழு, எந்த ஆண்டு என்பதை வெறும் குரலைக் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால்தான் பெயரோடு மீட்கும் வழியை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மறுமொழி: ஸ்ரீவைகுண்டம் வாசகர்

இதற்கு நெருங்கிய ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் வீட்டுக்குள் ஆற்று நீர் புகுந்தபோது ஓர் எக்ஸ்டெர்னல் டிஸ்க் மூழ்கிவிட்டது. இன்றுவரை அதில் மின்சாரம் செலுத்தவில்லை. குடும்பப் படங்கள் அதில் இருக்கின்றன. இப்போது இதே முறையில் முயலலாமா?

மறுமொழி: வண்ணார்பேட்டை சர்வீஸ்

முயலவேண்டாம், ஐயா. ஹார்டு டிஸ்க் காற்றுப் புகாத பெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். ஹீலியம் நிரப்பி மூடிய பெரிய டிஸ்க்குகளைத் தவிர்த்து, வீட்டில் புழங்கும் டிஸ்க்குகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியோடு கூடிய ஒரு சிறு துளை உண்டு. மூழ்கியபோது அதன் வழியாக நீர் போயிருந்தால், வண்டல் கலந்த அந்த நீர் காய்ந்து தட்டின் மேல் படிந்திருக்கும். மின்சாரம் கொடுத்த நொடியிலேயே ஹெட் அதில் மோதும். வெயிலில் வைத்தாலும் அரிசிப் பானையில் புதைத்தாலும் உள்ளே படிந்தது போகாது. இதுவரை மின்சாரம் கொடுக்காமல் வைத்திருப்பதால் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. தூசி நீக்கிய அறை உள்ள மீட்பு நிலையத்துக்கே அனுப்புங்கள். அனுப்புமுன் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, கோப்பு கிடைக்காவிட்டால் என்ன கொடுக்கவேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் மூழ்கியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பொருநைக்கரை அண்ணாச்சிக்கும் இதே இடத்தில் ஒன்று. உங்கள் டிஸ்க் உறையைப் பிரித்து உள்ளிருப்பதை நேரடியாகச் சாட்டாவில் மாட்டினால் வேகமாகப் படிக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். சில டிஸ்க்குகளில் யுஎஸ்பி பொருத்துவாய் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா முனையே இருக்காது. வேறு சிலவற்றில் அந்தச் சிறிய பலகை எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து எழுதும். கடவுச்சொல் வைக்காவிட்டாலும் அப்படித்தான். அந்தப் பலகையை விட்டுப் பிரித்தால் டிஸ்க்கில் இருப்பது ஒன்றும் விளங்காது. உங்களுக்குக் கேபிளிலேயே விடை கிடைத்துவிட்டதால் உறையைப் பிரிக்கவேண்டிய தேவை இல்லை.

பொருநைக்கரை (கல்லிடைக்குறிச்சி)

பாளை அக்கா, வயிற்றில் பால் வார்த்தீர்கள். புதிய 3.0 கேபிளும் 4 டிபி டிஸ்க்கும் வாங்கி, நீங்கள் எழுதியபடியே செய்தோம். முதல் ஓட்டம் பெரும்பாலும் தங்குதடையின்றிப் போனது. இரண்டாம் ஓட்டத்தில் சில இடங்களில் நெடுநேரம் நின்று நின்று ஊர்ந்தது. முடிவில் மீளாமல் நின்ற பகுதி மொத்தமே 300 கேபி அளவுதான். டெஸ்ட்டிஸ்க்கில் முதல் பூட் செக்டர் கெட்டது என்றும், பிரதி நன்றாக இருக்கிறது என்றும் காட்டியது. பிரதியிலிருந்து நிரப்பியதும் அடைவுகள் எல்லாம் நான் எழுதிவைத்த ஊர்ப்பெயர்களோடு வரிசையாக வந்து நின்றன. கோப்புகளை அதே 4 டிபி டிஸ்க்கில் வேறு அடைவுக்கு எடுத்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒரு பதிவைக் கேட்டோம். உடுக்கையும் குடமும் வில்லின் மணியும் தெளிவாகக் கேட்கின்றன.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த 300 கேபி எந்தெந்தக் கோப்புகளில் விழுந்திருக்கிறது என்று அறிய வழி உண்டா? எல்லாவற்றையும் முழுவதும் ஓட்டிக் கேட்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும்.

மறுமொழி: பாளை ஆசிரியை

மிக்க மகிழ்ச்சி, தம்பி. வழி உண்டு, அதுவும் டிடிரெஸ்க்யூவிலேயே உண்டு.

மீளாத இடங்கள் எவை என்பது மேப் கோப்பில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, இமேஜின் அந்த இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி நிரப்பும் ‘ஃபில்’ முறை அந்த மென்பொருளில் இருக்கிறது. வேறெந்தக் கோப்பிலும் வர வாய்ப்பில்லாத ஒரு குறிச்சொல்லைத் தேர்ந்தெடுத்து நிரப்புங்கள். மேப் கோப்புக்கு முன்னதாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். கெட்டுப்போன முதல் பூட் செக்டரும் மீளாத இடங்களில் ஒன்று என்பதால், நீங்கள் சரிசெய்ததன் மேலும் அந்தக் குறிச்சொல் எழுதப்பட்டுவிடும். நிரப்பிய பிறகு டெஸ்ட்டிஸ்க்கில் பிரதியிலிருந்து மறுபடி ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் கோப்புகளை இன்னொரு அடைவுக்கு எடுத்து, ‘கிரெப்’ கட்டளையால் அந்தக் குறிச்சொல்லைத் தேடினால், எந்தக் கோப்புகளில் அது இருக்கிறதோ அவைதான் சேதமானவை. ஒரு கோப்பிலும் அகப்படாவிட்டால், மீளாத இடங்கள் கோப்புகள் இல்லாத வெற்றிடத்தில் விழுந்திருக்கின்றன. அப்படி அமையவும் நல்ல வாய்ப்புண்டு. 4 டிபியில் இமேஜும் இரண்டு தொகுதிக் கோப்புகளும் நெருக்கித்தான் அடங்கும். போதாவிட்டால் இரண்டாம் தொகுதியைப் பகுதி பகுதியாக எடுத்துத் தேடுங்கள்.

இந்த இரண்டாம் தொகுதி பட்டியல் எடுப்பதற்கு மட்டும்தான். பட்டியல் வந்ததும் அழித்துவிடலாம். முதலில் எடுத்த தொகுதியைத்தான் நீங்கள் வைத்துக்கொள்ளவேண்டும். அதில் மீளாத இடங்கள் சுழியாக இருக்கும். கேசட்டுகளை வேவ் கோப்பாக, ஒலிக்குறுந்தகட்டின் தரத்தில் ஏற்றியிருந்தால் நொடிக்கு 1,76,400 பைட். இன்றைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 4,096 பைட். ஆக, ஒரு செக்டர் போனால் ஒலியில் இழப்பது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு சிறு ‘டிக்’ ஒலியாகக் கேட்கும், பாட்டின் வரி போகாது. வீடியோக் கோப்புகள் சுருக்கி எழுதப்பட்டவை என்பதால் அவற்றில் சேதம் சற்றுப் பெரிதாகத் தெரியும். அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை படம் கட்டம் கட்டமாகச் சிதறும். வீடியோ திறக்கவே மறுத்தால் அதன் உள்ளடக்க அட்டவணை இருந்த இடம் அடிபட்டிருக்கலாம். அப்படிப்பட்ட கோப்பு இருந்தால் பெயரையும் அளவையும் இங்கே எழுதுங்கள். அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று இருந்தால் அதை முன்மாதிரியாகக் கொண்டு சரிசெய்து பார்க்கலாம்.

பட்டியலில் வரும் ஒலிப்பதிவுகளுக்கு உரிய கேசட்டுகளில் இன்னும் ஓடக்கூடியவை இருந்தால் அவற்றை மட்டும் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கில் இனி மின்சாரம் செலுத்தவேண்டாம். ஃபார்மட் செய்து வேறு வேலைக்குப் பயன்படுத்தவும் வேண்டாம். மேலே ‘பழுது’ என்று எழுதி ஒட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். 4 டிபி டிஸ்க்கில் இருப்பதற்கு இன்னொரு பிரதி எடுத்து, அதை அம்பாசமுத்திரத்திலோ திருநெல்வேலியிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்த இரண்டாம் பிரதி கைக்கு வரும்வரை இமேஜையும் மேப் கோப்பையும் அழிக்காதீர்கள்.